நிற்கத் தெரிந்த துளி

திருப்பூர் பக்கத்து மங்கலத்தைச் சுற்றியுள்ள சாயப்பட்டறைகளில், சாயம் ஏறி அலசி முடித்துச் சொட்டச் சொட்ட வரும் துணி ஹைட்ரோ என்ற நீர்நீக்கும் இயந்திரத்துக்குப் போகும். உள்ளே துளைகள் நிறைந்த எஃகு டிரம். அது வேகம் பிடித்ததும் துணி ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் துளைகள் வழியே பிய்த்துக்கொண்டு வெளியேறும். கொஞ்ச நேரத்தில் கையில் எடுத்தால் ஈரம் மட்டும் தெரிகிற துணியாக அது உலர்த்தத் தயாராகிவிடும்.

இங்கே தண்ணீரை யாரும் தள்ளுவதில்லை. சுழலும் பொருள் எதுவானாலும் நேர்கோட்டில் போய்விடவே முனையும். அதை வட்டத்துக்குள் பிடித்துவைக்க ஏதோ ஒன்று உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். துணியை டிரம்மின் சுவர் அழுத்துகிறது. துளைக்கு நேரே நிற்கும் தண்ணீருக்கு அந்தச் சுவர் இல்லை, அதனால் போய்விடுகிறது. டிரம்மோடு சேர்ந்து சுழல்பவர் கண்ணுக்கு இதுவே வெளிப்பக்கம் இழுக்கும் விசையாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மையவிலக்கு விசை என்று படித்தது இதைத்தான்.

இதே விசையில் வேலை செய்யும் வேறொரு கருவியைப் பற்றியது இந்த அத்தியாயம். சிடி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே தலைமுடி அகலத்துக்குக் கால்வாய்கள், கடுகளவு, மிளகளவு அறைகள். நடுப்பக்கத்து அறையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுத் தட்டைச் சுழற்றினால், அணுக்கள் ஒதுங்கும், மேலே தெளிந்த பிளாஸ்மா அளவாகப் பிரியும், அடுத்த அறையில் காத்திருக்கும் மருந்துப்பொடியோடு கலக்கும், நிறம் மாறும், அந்த நிறத்தை ஒளி அளக்கும். பைப்பெட், சோதனைக் குழாய், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் என்று ஒரு லேப் முழுக்கச் செய்கிற வேலையை ஒரு தட்டு செய்து முடிக்கும்.

ஹைட்ரோவில் எல்லாத் தண்ணீரும் ஒரே மூச்சில் வெளியேறினால்தான் வேலை நடக்கும். தட்டில் அப்படி நடந்தால் சோதனையே பாழ். ரத்தம், கழுவும் திரவம், நிறம் காட்டும் மருந்து எல்லாம் ஒன்றாக ஓரத்துக்கு ஓடிக் குழம்பிப்போகும். சுழற்றிவிட்டால் துளி தானாகவே ஓடும். அதில் பெரிய சாமர்த்தியம் ஏதுமில்லை. சொன்ன இடத்தில் அதை நிற்கவைத்து, சொன்ன நேரத்தில் விடுவதற்குத்தான் இந்தத் துறை அரை நூற்றாண்டாகப் பாடுபட்டுவருகிறது.

தொடக்கம் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில். அணுசக்தி ஆராய்ச்சிக்குப் பெயர்போன இடம் அது. அங்கே வைரஸ்களைப் பிரித்தெடுக்கும் மையவிலக்குக் கருவிகளை உருவாக்கிக்கொண்டிருந்தவர் நார்மன் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர். சுழல்வதால் பொருட்கள் பிரிகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். சுழல்வதாலேயே வேதிவினைகளைத் தொடங்கிவைக்கவும் முடியுமா என்று அவர் யோசித்தார். வட்டத் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி அறைகள். ஒவ்வொன்றுக்கும் உட்புறம் நோயாளியின் மாதிரி ஒரு குழியிலும் மருந்து இன்னொரு குழியிலும் தனித்தனியாக இருக்கும். தட்டு நிற்கும்வரை இரண்டும் சேராது. சுழன்றதும் அத்தனை நோயாளிகளின் மாதிரிகளும் ஒரே நொடியில் மருந்தோடு கலந்து அறைகளுக்குள் பாயும். அறைகள் ஒரு ஒளிக்கற்றையை மாறி மாறிக் கடக்கும்போது ஒவ்வொன்றின் நிறமும் பதிவாகும். எல்லா வினையும் ஒரே கணத்தில் தொடங்குவதால் ஒன்றை ஒன்றோடு நேர்மையாக ஒப்பிடலாம். 1969-ல் அவர் இதை உலகுக்கு அறிவித்தார். அந்த வழியில் வந்ததுதான் 1990-களில் அபாக்சிஸ் நிறுவனம் கொண்டுவந்த பிக்கோலோ: 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு, ஏறத்தாழ 100 மைக்ரோலிட்டர் ரத்தம், பன்னிரண்டு நிமிடம் போல நேரம், ஒரு டஜன் ரத்தச் சோதனைகள். அதே பத்தாண்டின் இறுதியில் மார்க் மாடூ போன்றவர்கள் சிடி வடிவத்தையே ஆய்வகமாக்கும் எண்ணத்தை வளர்த்தார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க், அயர்லாந்தின் டப்ளின், தென்கொரியாவின் உல்சான் என்று பிறகு அது பரவியது.

பம்பு வைத்துத் தள்ளலாமே, எதற்குச் சுழற்ற வேண்டும்? பம்பு என்றால் குழாய், இணைப்பு, கசிவு, நடுவில் மாட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழ். தலைமுடி அகலக் கால்வாயில் ஒரு குமிழ் மாட்டினால் வேலை நின்றது. மின்சாரத்தால் திரவத்தை நகர்த்தும் சிப்களும் உண்டு. ஆனால் அவற்றில் ஓட்டம் திரவத்தின் உப்பையும் அமில, காரத் தன்மையையும் பொறுத்து மாறும். சிறுநீரின் உப்பு ஆளுக்கு ஆள் வேறு, காலைக்கும் மாலைக்கும் வேறு. சாயக்கழிவின் உப்பு பட்டறைக்குப் பட்டறை வேறு. சுழற்சிக்கு இந்தக் கவலை கிடையாது. அது பார்ப்பது திரவத்தின் அடர்த்தியையும் பிசுபிசுப்பையும் மட்டுமே. குமிழ் இருந்தாலும் எடை குறைந்த காற்று தானாக நடுப்பக்கம் ஒதுங்கிவிடும். தேவைப்படுவது ஒரே ஒரு மோட்டார். சில சமயம் அதுகூட வேண்டாம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இனிக் கொஞ்சம் கணக்கு. மையத்திலிருந்து சராசரியாக 3 சென்டிமீட்டர் தொலைவில் 1 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழன்றால் அந்தத் தண்ணீரின் வெளி முனையில் ஏறத்தாழ 300 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். ஒரு டம்ளரில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அடியில் இருக்கும் அழுத்தம் அது. வேகத்தை 1,500 ஆக்கினால் அழுத்தம் 7,400 பாஸ்கலுக்கு ஏறுகிறது. 75 சென்டிமீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். வேகம் ஐந்து மடங்கு, அழுத்தம் இருபத்தைந்து மடங்கு. இந்த வர்க்கப் பெருக்கம்தான் வடிவமைப்பாளரின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். மோட்டாரின் வேகத்தைச் சற்றே மாற்றினால் தட்டுக்குள் அழுத்தம் பல மடங்கு மாறுகிறது.

ஓட்டும் விசை இது. நிறுத்தும் விசை எங்கிருந்து வருகிறது?

பரப்பு இழுவிசையிலிருந்து. வியர்வையைப் பனியன் உறிஞ்சிக்கொள்வதும், தண்ணீர் பருத்தி இழைகளுக்கு நடுவே தானாக ஏறுவதும் இந்த விசையால்தான். பெரிய பாத்திரத்தில் இதன் பலம் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். கால்வாய் குறுகக் குறுக அது ராஜாவாகிவிடும். 100 மைக்ரான் அகலக் கால்வாய் ஒன்று, ஓரிடத்தில் திடீரென்று அகன்று பெரிய அறையாகத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரவம் அந்த வாய்வரை வரும், வந்து நின்றுவிடும். மேலே போக வேண்டுமானால் அதன் முகம் வெளியே உப்ப வேண்டும். உப்பினால் பரப்பு கூடும். பரப்பைக் கூட்ட ஆற்றல் செலவாகும். அந்த ஆற்றல் கிடைக்காதவரை, கதவே இல்லாத திறந்த வாசலில், எதிரே காற்று மட்டும் இருக்கும் இடத்தில், துளி அப்படியே நிற்கும்.

பிளாஸ்டிக்கின் தன்மையைப் பொறுத்து இந்தத் தடை 1,000 முதல் 3,000 பாஸ்கல் வரை வரலாம். 2,000 என்று எடுத்துக்கொண்டால், நாம் மேலே பார்த்த தண்ணீர் நிமிடத்துக்கு 780 சுற்றை நெருங்கும்போது தடையை உடைத்துக்கொண்டு பாயும். 600 சுற்றில் நிற்கும். 900 சுற்றில் போய்விடும். அசையும் பாகம் எதுவும் இல்லாத வால்வு இது. ஒரு கால்வாயைச் சற்று அகலமாகவும் இன்னொன்றைக் குறுகலாகவும் செதுக்கினால் முதலாவது குறைந்த வேகத்திலும் இரண்டாவது கூடிய வேகத்திலும் திறக்கும். எந்தத் திரவம் முதலில் வர வேண்டும், எது பிறகு என்ற ஒழுங்கு முழுவதையும் செதுக்கல் அளவிலேயே எழுதிவைத்துவிடலாம். மோட்டார் வேகத்தைப் படிப்படியாக ஏற்றினால் போதும். ஒரு தட்டின் அறிவு அதன் வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது எனக்கு. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பதும் இதுதான்.

ஆனால் பரப்பு இழுவிசையை முழுக்க நம்பிவிட முடியாது. திரவத்தில் சோப்புத் தன்மையுள்ள எதுவும் சிறிதளவு கலந்தால் இழுவிசை சரிந்துவிடும். ரத்தத்தில் உள்ள புரதம் பிளாஸ்டிக் சுவரில் படிந்து அதன் குணத்தை மாற்றிவிடும். நாள்கணக்கில் வைத்திருந்தால் நீராவி வாசலைக் கடந்து அடுத்த அறையை நனைத்துவிடும். எனவே ஆராய்ச்சியாளர்கள் வேறு கதவுகளையும் தேடினார்கள். டப்ளினில் ராபர்ட் கார்கின், ஜென்ஸ் டுக்ரே குழுவினர் 2012-ல் தண்ணீரில் கரையும் மெல்லிய படலத்தைக் கதவாக்கினார்கள். குறிப்பிட்ட வேகம் வரும்வரை நடுவில் சிக்கிய காற்று திரவத்தைப் படலத்தில் படவிடாது. வேகம் ஏறியதும் திரவம் படலத்தைத் தொடும், படலம் கரையும், வழி திறக்கும். தென்கொரியாவில் யூன்-கியோங் சோவும் உடன் பணியாற்றியவர்களும் 2007-ல் மெழுகைக் கதவாக்கினார்கள். பாரஃபின் மெழுகில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கலந்து கால்வாயை அடைத்துவிடுவது. தேவைப்படும்போது லேசர் ஒளி பாய்ச்சினால் துகள்கள் சூடேறி மெழுகு உருகி வழிவிடும்.

வேகத்தைக் கூட்டித் திறக்கும் கதவுகள் இவை என்றால், வேகத்தைக் குறைத்துத் திறப்பது சைபன். அறையின் அடியிலிருந்து கிளம்பி, மையத்தை நோக்கி வளைந்து ஏறி, மறுபடி வெளிப்பக்கம் இறங்கும் மெல்லிய கால்வாய் அது. தட்டு வேகமாகச் சுழலும்போது திரவம் அந்த வளைவின் உச்சிக்கு ஏற முடியாமல் அறையின் மட்டத்திலேயே நிற்கும். ரத்தம் பிரிய வேண்டிய நேரமெல்லாம் இப்படியே வேகமாகச் சுற்றலாம். பிரிந்து முடிந்ததும் தட்டை நிறுத்தினால் மையவிலக்கு விசை ஒடுங்கி, பரப்பு இழுவிசை தலையெடுக்கும். பிளாஸ்மா தானாக வளைவில் ஏறி உச்சியைத் தாண்டி நிற்கும். மறுபடி சுழற்றினால் அறை காலியாகிவிடும். உச்ச வேகத்தில் மூடியிருந்து ஓய்வில் திறக்கும் கதவு! இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அளப்பதும் வடிவத்தாலேயே நடக்கிறது. மங்கலத்தில் நொய்யல் ஆற்றின் மீதுள்ள நல்லம்மன் தடுப்பணையில் வரம்புக்கு மேல் வந்த தண்ணீர் வழிந்தோடிவிடுவது போல, தட்டின் அளவை அறையிலும் வரம்பைத் தாண்டிய திரவம் பக்கவாட்டில் உள்ள கழிவுத்திரவ அறைக்குப் போய்விடும். விரல் குத்தி எடுத்த சொட்டு பெரிதோ சிறிதோ, அளவை அறையில் நிற்பது எப்போதும் ஒரே அளவு. பைப்பெட் பிடிக்கத் தெரியாதவர்கூடச் சோதனை செய்ய முடிவது இதனால்தான்.

கலப்பதுதான் எதிர்பாராத சிக்கல். நுண்கால்வாயில் சுழிப்புகள் தோன்றுவதில்லை. இரண்டு திரவங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வழுக்கிப் போகும்; மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக ஊர்ந்துதான் ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும். ஒரு நடுத்தர அளவுப் புரத மூலக்கூறு 100 மைக்ரான் தூரம் பரவ ஒரு நிமிடம் போல ஆகும். தூரம் 1 மில்லிமீட்டர் என்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். இதற்கு ஃப்ரைபர்க் குழுவினர் கண்ட வழி, தட்டை ஒரு பக்கமாகச் சுழற்றிச் சட்டென்று நிறுத்தி மறுபக்கம் சுழற்றுவது. வேகம் மாறும் ஒவ்வொரு முறையும் திரவம் பின்தங்கி அறைக்குள் மடிந்து புரளும். நிமிடக்கணக்கான வேலை நொடிகளில் முடிந்துவிடும். சுழலும் தட்டில் ஓடும் திரவத்தைப் பக்கவாட்டில் விலக்கும் கொரியோலிஸ் விசையையும் அவர்கள் பயன்படுத்தினார்கள்: வலமாகச் சுற்றினால் ஒரு கிளைக்கும் இடமாகச் சுற்றினால் மறு கிளைக்கும் திரவம் திரும்பும்.

இவற்றையெல்லாம் தாண்டி எனக்குத் திருச்சி முக்கியமாகப் படுகிறது.

2017 வாக்கில் உலகம் முழுவதும் பிள்ளைகள் விரலில் வைத்துச் சுற்றிய ஃபிட்ஜெட் ஸ்பின்னர் என்ற பொம்மை நினைவிருக்கும். நடுவில் பேரிங், சுற்றிலும் மூன்று இதழ்கள். உல்சானில் சோவின் குழு அந்தப் பொம்மையின் வடிவத்தில் ஒரு சோதனைக் கருவியைச் செய்து, சிறுநீர்ப்பாதைத் தொற்றைக் கண்டறியத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுவந்தது. தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட 39 நோயாளிகளின் சிறுநீர் அங்கேயே சோதிக்கப்பட்டது. 50 நிமிடத்துக்குள் வெறும் கண்ணால் விடை தெரிந்தது. மின்சாரம் தேவைப்படவில்லை, சுற்றியது கை. நேச்சர் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இதழில் 2020-ல் இது வெளியானது.

இந்த நோய்க்கும் பின்னலாடைத் தொழிலுக்கும் உள்ள உறவைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் செய்தியின் கனம் புரியும். தையல் மெஷின் முன்னால் ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள், அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பீஸ் கணக்கில் கூலி என்றால் ஒவ்வொரு எழுந்துபோதலும் காசு. தண்ணீர் குறைந்தால், அடக்கிவைத்தால், பாக்டீரியா சிறுநீர்ப்பையில் தங்கிப் பெருகுகிறது. பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை குட்டையாக இருப்பதால் தொற்று ஏறுவதும் எளிது. வாழ்நாளில் இரண்டில் ஒரு பெண்ணுக்காவது இந்தத் தொற்று வருகிறது. பெரும்பாலும் காரணம் ஈ.கோலை. எரிச்சலோடு மருத்துவரிடம் போனால் சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி விடை வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை லீவு போட முடியாது, வலியும் பொறுக்காது. எனவே அறிகுறியை வைத்தே ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது, அல்லது மெடிக்கல் ஷாப்பில் நேராகவே வாங்கப்படுகிறது. தொற்றே இல்லாதவர் மருந்து சாப்பிடுவதும், தொற்று இருப்பவர் கேட்காத மருந்தைச் சாப்பிடுவதும் சேர்ந்து, மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்த்துவிடுகின்றன. திருச்சியில் சோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறிகுறியை மட்டும் நம்பினால் மருந்து தேவைக்கு அதிகமாகவோ குறைவாகவோ போயிருக்கும் என்று அந்த ஆய்வு கண்டது.

கருவி என்ன செய்கிறது? 1 மில்லிலிட்டர் சிறுநீரை ஒரு சல்லடைப் படலத்தின் வழியே செலுத்துகிறது. பாக்டீரியா நுழைய முடியாத அளவுக்குப் படலத்தின் துளைகள் நுண்ணியவை. திரவம் போய்விட, பாக்டீரியா மேலே தங்கி நூறு மடங்குக்கும் மேல் செறிகிறது. பிறகு ஒரு நிறமூட்டும் கரைசல் சேர்க்கப்படுகிறது. உயிருள்ள பாக்டீரியா அதைத் தன் வளர்சிதை மாற்றத்தால் ஆரஞ்சு நிறமாக மாற்றும்.

படிக்க எளிது. செய்வது கடினம், கடினம் எங்கே என்று பார்த்தால் நாம் இதுவரை பேசிய பரப்பு இழுவிசையே எதிரில் வந்து நிற்கிறது. 1 மைக்ரான் துளை ஒன்றின் வெளிப்பக்கம் காற்று இருந்தால், திரவம் அதன் வாயில் உப்பி வெளியேறக் கணக்குப்படி கிட்டத்தட்ட 3 வளிமண்டல அழுத்தம் வரை தேவைப்படலாம். விரலால் சுற்றிவிடும் பொம்மைக்கு அது எட்டாத உயரம். அப்படியே திரவம் போனாலும், மையத்திலிருந்து தள்ளியுள்ள ஓரத்தில்தான் அழுத்தம் மிகுதி என்பதால் அந்த ஓரத்துத் துளைகள் வழியாக மட்டுமே போகும். படலத்தின் மற்ற பரப்பு சும்மா இருக்கும், ஓரம் அடைத்துக்கொள்ளும்.

சோவின் குழு கண்ட தீர்வு இதுதான்: படலத்துக்குக் கீழேயுள்ள அறையை முன்கூட்டியே திரவத்தால் நிரப்பிவைத்துவிடுவது. மேலேயும் திரவம், கீழேயும் திரவம். நடுவில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் திரவத்துக்கு முகம் இல்லை. முகம் இல்லாவிட்டால் உப்புவதற்கும் ஒன்றுமில்லை. வாசலை அடைத்துக்கொண்டிருந்த தடை முழுவதும் மறைந்துவிடுகிறது. படலத்தின் ஒவ்வொரு துளையும் ஒரே சீராக வேலை செய்யத் தொடங்குகிறது. கையால் ஒன்றிரண்டு முறை சுற்றிவிடும் அழுத்தமே போதுமானதாகிவிடுகிறது. சுற்றுபவர் பலசாலியா, களைத்தவரா என்ற வித்தியாசமும் பெரிதாக இருக்காது. இதே உத்தியை அவர்கள் 2017-ல் ரத்தத்தில் சுற்றும் அரிதான புற்றுநோய் அணுக்களைப் பிடிக்கப் பயன்படுத்தியிருந்தார்கள்.

எங்கே துளி நிற்க வேண்டுமோ அங்கே காற்றை வைக்கிறார்கள். எங்கே தடையின்றிப் போக வேண்டுமோ அங்கிருந்து காற்றை விரட்டுகிறார்கள். விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லாமல், இயற்பியலைப் புரிந்துகொண்டதால் மட்டுமே கிடைத்த வெற்றி என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே கருவியால் 30 மாதிரிகளில் சிப்ரோஃப்ளாக்சசின், செஃபசோலின் ஆகிய இரு மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் 120 நிமிடத்துக்குள் பார்த்திருக்கிறார்கள். இப்படியொரு கருவி இங்கே வந்தால், மங்கலம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் வரும் ஒரு பெண், வேலைக்குத் திரும்புமுன் தனக்குச் சரியான மாத்திரை எது என்று தெரிந்துகொண்டு போகலாம். இரண்டு மணி நேரம் என்பதன் மதிப்பு அவருக்குத்தான் தெரியும்.

ரத்தத்திலும் இந்தியாவில் வேலை நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி. கரக்பூரில் சுமன் சக்ரவர்த்தியின் குழு, முழு ரத்த எண்ணிக்கைச் சோதனைக்கான கையடக்கச் சுழல் தட்டை 2020-ல் வெளியிட்டது. தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ரத்தசோகையைக் கண்டறிய வேண்டிய இடம் பெரிய மருத்துவமனையைக் காட்டிலும் கம்பெனி வாசலும் அங்கன்வாடியும்தான். சுழற்சியில் சிவப்பணுக்கள் அடியில் படிவதும் பிளாஸ்மா மேலே நிற்பதும் அடர்த்தி வித்தியாசத்தால். சிவப்பணு தண்ணீரைப் போல 1.10 மடங்கு கனம், பிளாஸ்மா 1.03 மடங்கு போல. அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து, படிந்த பகுதி எவ்வளவு நீளம் என்று பார்த்தாலே ரத்தத்தில் அணுக்களின் பங்கு தெரிந்துவிடும்.

தண்ணீருக்கு வருவோம். நொய்யலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியில் திரவத்தைப் பற்றி எழுத முடியாது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இங்கே எல்லார் நினைவிலும் இருப்பவை. ஆற்றில் இன்று என்ன ஓடுகிறது என்பதை ஆற்றங்கரையில் நின்றே தெரிந்துகொள்ள முடியுமா? சோவின் குழு 2013-ல் நைட்ரைட், நைட்ரேட், அம்மோனியம், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவற்றை ஒரே தட்டில், ஒரே மாதிரி நீரில் சேர்த்து அளந்து காட்டியது. மெழுகுக் கதவும் லேசரும் அங்கே கைகொடுத்தன. குளோரைடு, கடினத்தன்மை, சாய நிறம் என்று நம் ஊருக்கு வேண்டிய அளவைகளைக் கொண்ட தட்டு ஒன்றை உருவாக்குவதில் அடிப்படைத் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த பத்து வருடத்தில் கோவை, திருப்பூர் பொறியியல் கல்லூரிகளில் ஒன்று இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தறி ஓட்டுகிறவர்களுக்காக ஒரு இடைச்செருகல். சுழற்றாமலே திரவத்தை நடத்தும் வழியும் நம் பக்கத்திலேயே பிறந்திருக்கிறது. பெங்களூரின் அக்கீரா லேப்ஸ் நிறுவனத்தில் தனஞ்ஜய தெண்டுகூரியும் சகாக்களும் 2011-ல் பட்டு நூலைச் சோதனை மருந்துகளில் நனைத்து, தறியில் நெய்து, அந்தத் துணியைத் துண்டுகளாக வெட்டிச் சோதனைப் பட்டைகளாக்கினார்கள். எந்த நூல் எங்கே குறுக்கிடுகிறது என்பதே அங்கே கால்வாய் வரைபடம். பாவும் ஊடும் தெரிந்தவர்களுக்கு அதைப் படிக்கத் தனிப் பாடம் வேண்டியதில்லை. ஆனால் துணி திரவத்தை இழுக்க மட்டுமே செய்யும். நிறுத்திவைத்து, காத்திருக்கச் செய்து, பிறகு விட அதற்கு எளிதில் வராது. பல படிகள் கொண்ட சோதனைகளுக்குச் சுழல் தட்டையே நான் நம்புவேன்.

அந்தத் தட்டு இங்கே பரவலாகப் புழங்க இன்னும் கடக்க வேண்டியது, ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று: சேமிப்பு. மருந்துக் கரைசல்கள் தட்டுக்குள்ளேயே அடைக்கப்பட்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வழியே நீராவி மெதுவாக வெளியேறும். செறிவு மாறினால் நிறம் மாறும். நிறம் மாறினால் விடை தப்பாகும். இதற்காக மெல்லிய அலுமினியப் பைகளில் கரைசலை அடைத்து, குறிப்பிட்ட சுழல் வேகத்தில் மட்டும் பையின் ஒட்டு பிரிந்து திறக்கும்படி ஃப்ரைபர்க்கில் செய்திருக்கிறார்கள். மெழுகுக் கதவுக்கு வேறொரு கணக்கு. மே மாதம் மங்கலத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த பெட்டியோ, வெயிலில் நிறுத்திய வேனோ எட்டும் சூட்டில் அது உருகிவிடக் கூடாது. அதற்கு மேலே உருகுநிலை உள்ள மெழுகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்தால் அதைத் திறக்கக் கூடுதல் லேசர் சூடு வேண்டும்; அந்தச் சூடு பக்கத்து அறையில் உள்ள நொதியைக் கெடுக்காத தூரத்தில் கதவு அமைய வேண்டும். தூரம் கூடினால் தட்டில் இடம் குறையும். திரவம் பெரும்பாலும் வெளிநோக்கி மட்டுமே போகும் தட்டில், மையத்திலிருந்து விளிம்புவரை கிடைக்கும் ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் எல்லாப் படிகளையும் அடுக்கியாக வேண்டும். ஐரோப்பியக் கோடைக்கு வரைந்த தட்டை அப்படியே இறக்குமதி செய்தால் போதாது. நம் வெயிலை முதல் அளவாக வைத்து, இங்கேயே புதிதாக வரைய வேண்டிய தட்டு அது.